வீட்டுக்கு ஓர் ஆராய்ச்சி மணி

(கால்நடைப் பணியில் இருப்போரின் மனநலம் குறித்து, உத்திரமேரூர் வட்டாரத் தம்பதியருக்கான உரை)



மனுநீதிச் சோழன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் எழுந்து வந்தான். அதற்குப் பிறகு அவன் என்ன தீர்ப்புச் சொன்னான் என்பதைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அந்த மணிதான். வாயில்லாத ஜீவனுக்கும் தன் துக்கத்தைச் சொல்ல ஒரு வழி அங்கே இருந்தது.

இன்றைக்கு நான் உங்களிடம் கேட்கப் போவது வேறு ஒரு கேள்வி. அந்தப் பசுவுக்கு நோய் வந்தால் ஊசி போடுகிறாரே, கன்று வராமல் தவிக்கும்போது நடுச்சாமத்தில் கை கொடுக்கிறாரே, அவருக்கு ஒரு துக்கம் வந்தால் அவர் எந்த மணியை அடிப்பார்?

"குடும்ப நலத்துறைக்காரர் வந்திருக்கிறார், கருத்தடையைப் பற்றியோ குழந்தைத் தடுப்பூசியைப் பற்றியோ சொல்லுவார் என்று பார்த்தால், மாட்டு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறாரே" என்று நீங்கள் நினைக்கலாம். குடும்ப நலம் என்பது எத்தனை பிள்ளை என்ற கணக்கு மட்டும் அல்ல. கணவன் மனம் எப்படி இருக்கிறது, மனைவி மனம் எப்படி இருக்கிறது என்பதும் குடும்ப நலம்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

யாருக்காக இந்தப் பேச்சு

நம் உத்திரமேரூர் வட்டாரம் ஏரியையும் கறவை மாட்டையும் நம்பிய வட்டாரம். சாலவாக்கம், மானாம்பதி, திருப்புலிவனம், பெருநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் பால் கேனோடு நாலு பேரைப் பார்க்கலாம். அந்த மாடுகளை நம்பி நாம் இருக்கிறோம். அந்த மாடுகள் நம்பி இருப்பது சில மனிதர்களை.

கால்நடை உதவி மருத்துவர், கால்நடை ஆய்வாளர், மருந்தகத்தில் வேலை பார்க்கும் பராமரிப்பு உதவியாளர், சினை ஊசி போட வீடு வீடாகப் போகிறவர், 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வருகிற கால்நடை ஆம்புலன்சின் ஓட்டுநர், தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் வெறிநோய்த் தடுப்பூசி போடவும் அவற்றைப் பிடித்துக் கொடுப்பவர், அடிபட்ட பிராணிகளை எடுத்து வைத்துக் காப்பவர், கோசாலையில் சாணி அள்ளுகிறவர். இவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். உங்கள் அண்ணனாக, மருமகளாக, பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்தப் பணியில் நல்ல பெயர் உண்டு. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பிராணிகளைக் காக்கும் புளூ கிராஸ் அமைப்பு 1959-இல் சென்னையில்தான் பிறந்தது. பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்படி 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். இப்படிப் பிராணிகளின் நலத்துக்குச் சட்டம் வந்தது, வாரியம் வந்தது. அந்தப் பிராணிகளுக்காக உழைக்கிறவரின் நலத்தை யார் பார்ப்பது? முதலில் பார்க்க வேண்டியது அவருடைய வீடு.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

கணவர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மார்கழி மாதம், இரவு பதினோரு மணி. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். "ஐயா, மாடு வலியெடுத்துத் துடிக்குது. கன்னுக்குட்டி கால் மட்டும் தெரியுது, வெளிய வரல." சட்டையை மாட்டிக்கொண்டு போகிறார். டாக்டரும் வருகிறார். கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. இரண்டு மணி நேரம் போராடுகிறார்கள். கன்று செத்து வெளியே வருகிறது. ரத்தம் நிற்கவில்லை. விடியும் முன்பே தாய் மாடும் போய்விடுகிறது.

அந்த மாடு ஒரு விதவைத் தாயாரின் மாடு. அந்த வீட்டில் வருமானம் என்று இருந்தது அது ஒன்றுதான். அந்தம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். கூட்டத்தில் யாரோ ஒருவர், "இவங்க வந்து கையை வெச்சாங்க, அதோட மாடு போச்சு" என்று காதில் விழும்படி சொல்கிறார்.

நாலு மணிக்கு இவர் வீட்டுக்கு வருகிறார். உடம்பெல்லாம் வாடை. மனைவிக்குத் தூக்கம் கலைந்த கோபம். "ராத்திரியெல்லாம் போய் கெடந்துட்டு இப்பதான் வர்றீங்க. பையனுக்கு ஜுரம், யார் பார்க்கிறது?" அவர் பதில் பேசவில்லை. "இன்னா ஆச்சு, மூஞ்ச ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" "மாடு செத்துப்போச்சு." "ஊர்ல மாடு செத்தா உங்களுக்கு இன்னா? நம்ம மாடா?"

அவர் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். தூங்கவில்லை.

இங்கே யார் மேல் தப்பு? மனைவி மேல் தப்பு இல்லை. காய்ச்சல் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக விழித்திருந்தவர் அவர். கணவர் மேலும் தப்பு இல்லை. இரண்டு பேரும் ஒரே இரவில் இரண்டு பக்கம் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனால் இப்படிப் பத்து இரவு போனால், அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிடும். அவர் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் வேறு எங்காவது போய் உட்காரத் தொடங்குவார். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது என்ன சோர்வு?

வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தால் இடுப்பு வலிக்கிறது. இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. அது உடம்புச் சோர்வு. நாம் இப்போது பேசுவது வேறு சோர்வு. நாள்தோறும் பிற உயிர்களின் வலியைப் பார்த்துப் பார்த்து, இரக்கப்பட்டு இரக்கப்பட்டு, கடைசியில் இரக்கம் சுரக்கும் ஊற்றே வற்றிப்போகிற சோர்வு. 1992-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்பத்திரி நர்சுகளைப் பற்றி எழுதியபோது இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் 'இரக்கச் சோர்வு' எனலாம். பிறகு பார்த்தால் பிராணிகளைப் பராமரிப்பவர்களுக்கும் இதே சோர்வு வருகிறது.

இவர்களுக்கு இன்னும் ஒரு பாரம் உண்டு. நோயாளி வாய் திறந்து சொல்ல மாட்டான். எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதும் இவர் பொறுப்பு. பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் பிராணிக்குச் சில சமயம் டாக்டரே மருந்து கொடுத்து உயிர் பிரியச் செய்ய வேண்டியிருக்கும். காப்பாற்றப் படித்த கையே அதைச் செய்ய வேண்டும். அது நியாயமான காரியமாகவே இருக்கலாம். ஆனாலும் மனசு அதை எளிதில் விடுவதில்லை.

மனிதர் இறந்தால் ஊரே கூடி அழுகிறது. மூன்றாம் நாள் பால் தெளிக்கிறோம், பதினாறாம் நாள் காரியம் செய்கிறோம். துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது. பிறருடைய மாடு செத்ததற்கு இவர் துக்கம் கொண்டாட முடியுமா? சிரிப்பார்கள். ஆகவே அந்தத் துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

எழுதி வைத்தவர்கள் சொன்னது

இது வெறும் யூகம் அல்ல. இப்படிப்பட்ட துக்கத்தை வாரா வாரம் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

2001-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோமாரி நோய் பரவியது. நோயைத் தடுக்க வேண்டும் என்று 60 லட்சத்துக்கும் அதிகமான மாடுகளையும் ஆடுகளையும் பன்றிகளையும் அந்த நாட்டில் கொன்று புதைத்தார்கள், எரித்தார்கள். மிகவும் பாதிக்கப்பட்ட இடம் கும்பிரியா என்ற கிராமப்புறப் பகுதி. அங்கே லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஊர்க்காரர்கள் 54 பேரிடம் நோட்டுக் கொடுத்து, ஒன்றரை ஆண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். மாடு வளர்த்தவர்கள் மட்டும் அல்ல, கால்நடை மருத்துவர்கள், பிராணிகளைக் கொல்லும் வேலை செய்தவர்கள், லாரி ஓட்டியவர்கள் எல்லோரும் எழுதினார்கள். நோய் அடங்கி மாதக்கணக்கில் ஆன பிறகும் கெட்ட கனவு, பயம், அழுகை, பழைய காட்சி திடீரென்று கண்முன் வருவது ஆகிய எல்லாம் அந்த எழுத்தில் இருந்தன. 2005-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

நம் நாட்டிலும் பெரிய சாவு ஒன்றை நாம் பார்த்தோம். 2022-இல் தோல் கழலை நோய் வந்ததே, மாட்டின் உடம்பெல்லாம் கொப்பளம் கொப்பளமாக, ஊரார் மாட்டு அம்மை என்று சொன்னார்களே, அதுதான். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பிற மாநிலங்களிலும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. அத்தனை மாட்டையும் கடைசியாகத் தொட்டுப் பார்த்த கைகள் சில உண்டு. அந்தக் கைக்காரர்களின் வீட்டில் அன்று இரவு என்ன பேசினார்கள்?

நல்ல செய்தியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாட்டு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. உங்கள் தாத்தா காலத்தில் தொழுவத்தையே துடைத்து வைத்துவிடும். அந்த நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, உலகில் அடியோடு ஒழிந்த நோய் அதுதான். யார் ஒழித்தார்கள்? ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகப் போய் ஊசி போட்டவர்கள் ஒழித்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தின் வழிவந்தவர். அவர் "என்னத்தைச் செஞ்சு என்ன ஆகப்போகுது" என்று சொல்லும் நாளில் இதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரக்கச் சோர்வு வந்தவரிடம் சில மாறுதல்கள் தெரியும். வீட்டில் இருப்பவர்தான் முதலில் பார்க்க முடியும்.

தூக்கம் கெடும், அல்லது எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டில் ருசி இருக்காது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார், குழந்தையை அடிப்பார், பிறகு தானே வருந்துவார். முன்பெல்லாம் அடிபட்ட குட்டியைக் கண்டால் ஓடியவர், இப்போது கல்லைப் போலத் தாண்டிப் போவார். வேலைக்குப் போகும் நேரம் வந்தால் வயிற்றைப் பிசையும், தலைவலி வரும். "நான் லாயக்கில்லாதவன்" என்று சொல்வார். குடி சேரும், அல்லது கூடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மனம் சோர்ந்தவருக்குத் தாம்பத்திய விருப்பமும் குறையும். உடனே "என்னைப் பிடிக்கவில்லை", "வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிலத்தில் ஈரம் இல்லாதபோது பயிரைக் கோபித்துப் பயனில்லை.

அதேபோல் எல்லாமே மனசுதான் என்றும் இருந்துவிடக் கூடாது. விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை, தீராத அசதி இவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, "இவர் மாட்டு ஆஸ்பத்திரி வேலை" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கன்று வீச்சு நோய் உள்ள மாட்டிடமிருந்து மனிதருக்கும் அந்தக் கிருமி தொற்றும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தால் குணப்படுத்தலாம். கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகாமல் இருப்பது நல்லது.

கணவனும் மனைவியும் செய்யக்கூடியது

இதற்குப் பணம் வேண்டாம். படிப்பும் வேண்டாம்.

முதலாவது, வந்தவுடன் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு குவளை வெந்நீர், ஒரு காபி, மாற்றிக்கொள்ளத் துணி. வீட்டுக் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டணம், மாமியார் சொன்ன சொல் எல்லாம் அரை மணி கழித்துப் பேசலாம். அவை எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டாவது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்னைக்குப் பார்த்ததுல எது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். தீர்வு சொல்ல வேண்டாம். "வெறும் மாடுதானே", "ஒரு நாய்க்குப் போய் இப்படியா" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் வாயில் வராமல் அடக்கிக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும். ஆம்பளை அழக்கூடாது என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை.

நாம் பார்த்த அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாடு செத்துப்போச்சு" என்று அவர் சொன்னவுடன், "யாரோட மாடு? அந்தம்மாவோட மாடா? ஐயோ" என்று மட்டும் மனைவி சொல்லியிருந்தால் போதும். அவர் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து முழுக்கதையும் சொல்லியிருப்பார். சொல்லி முடித்த பிறகு அவரே கேட்டிருப்பார்: "பையனுக்கு ஜுரம் எப்படி இருக்கு? நீ படு, நான் பார்த்துக்கிறேன்."

மூன்றாவது, இது ஒருவழிப் பாதை அல்ல. இந்த வேலைக்குப் போகிறவர் மனைவியாக இருந்தால், கணவர் இதையெல்லாம் செய்ய வேண்டும். பெண்ணுக்கு இன்னும் ஒரு சுமை உண்டு. ஆணாக இருந்தால் வந்தவுடன் காபி கிடைக்கும். பெண்ணாக இருந்தால் வந்தவுடன் அடுப்பு காத்திருக்கும். அன்றைக்குச் செத்துப்போன ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டே அவர் உலை வைப்பார். சகோதரர்களே, அந்த ஒருநாள் நீங்கள் உலை வையுங்கள். சோறு குழைந்தாலும் பரவாயில்லை.

நான்காவது, வாரத்தில் ஒருநாளாவது அந்த வேலையின் பேச்சே இல்லாமல் இருவரும் இருங்கள். கோயிலுக்குப் போகலாம், ஏரிக்கரையில் பிள்ளைகளோடு நடக்கலாம். வீட்டில் வளர்ப்பதற்கென்று தினம் ஒரு குட்டியைத் தூக்கி வருகிறவர்களும் உண்டு. எத்தனை என்பதை இருவரும் சேர்ந்து பேசி ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கையில் திட்டமிடச் சொல்கிற நாங்கள் இதிலும் திட்டமிடச் சொல்கிறோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

ஐந்தாவது, பிழைத்த கதைகளையும் கேளுங்கள். செத்த மாடு ஞாபகத்தில் நிற்கும். பிழைத்த மாடு மறந்துபோகும். "போன மாசம் நீங்க காப்பாத்தின அந்தச் செவலை மாடு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவது உங்களுக்கே தெரியும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டில் இந்த வேலைக்காரர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் தொழுவத்துக்கு அவர் வருவார். மாடு பிழைத்தால் நன்றி சொல்கிறோம். பிழைக்காவிட்டால்? யானைக்கும் அடி சறுக்கும். நோய் முற்றிய பிறகு கூப்பிட்டுவிட்டு, "உன் ஊசியால்தான் போச்சு" என்று சொல்வது நியாயமா? நஷ்டம் உங்களுடையது, வேதனை உங்களுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "ராத்திரின்னும் பார்க்காம வந்தீங்களே, அது போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த மனிதர் அதைப் பல வருஷம் மறக்க மாட்டார். அடுத்த முறை கூப்பிடும்போது தயங்காமல் வருவார். குறித்த காலத்தில் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், மாடு முதல் நாள் தீனி எடுக்காதபோதே சொல்லி அனுப்புவதும் மாட்டுக்கு நல்லது, அவருக்கும் நல்லது.

நம் ஊர்க் கல்வெட்டு சொல்வது

உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் ஆள் எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்புக் கொடுத்தார்கள். அதில் ஒரு விதியைக் கவனியுங்கள். ஒருவர் 360 நாள்தான் அந்தப் பொறுப்பில் இருக்கலாம். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது.

அவர்கள் அதை வைத்த காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏரியைக் காக்கும் வேலையையே ஆண்டுதோறும் தோள் மாற்றினார்கள். உயிரைக் காக்கும் வேலையை மட்டும் ஒரே தோளில் ஏற்றிவிட்டு நாம் தூங்கலாமா? இரவு அழைப்புக்கு முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு துர்மரணத்தைப் பார்த்தவருக்கு அடுத்த நாள் லேசான வேலை கொடுக்கலாம். வேலை செய்யும் இடத்தில் மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம். பெரிய அதிகாரி உத்தரவு போட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்தால் ஆகிற காரியம்.

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்

பிரிட்டனில் கால்நடை மருத்துவர்கள் தற்கொலை செய்துகொள்வது பொதுமக்களைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு அதிகம் என்று 2010-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனப்பாரம் ஒரு காரணம். ஆபத்தான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இன்னொரு காரணம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தடுக்க முடியும் என்பதால் சொல்கிறேன்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு, பொருள்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது, பல நாள் கலங்கியிருந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது. இவற்றைப் பார்த்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா?" அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்டால்தான் அவர் மனம் திறப்பார். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். கால்நடை மருந்துகளையும் வயலுக்கு அடிக்கும் மருந்தையும் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்து வாருங்கள். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள். இரவானாலும் பகலானாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மானஸ்' என்ற அரசு சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஒளிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கம்.

மாட்டுக்கு அவசரம் என்றால் 1962. மனசுக்கு அவசரம் என்றால் 14416. இரண்டையும் மாட்டுக்கொட்டகைக் கதவிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வையுங்கள்.

முடிவாக

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரர்களே! மாட்டுப் பொங்கல் அன்று கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிறோம். வரும் பொங்கலுக்கு அந்த மாட்டைப் பார்த்துக்கொள்கிற மனிதரையும் வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் பொங்கல் கொடுங்கள். அவர் உங்கள் வீட்டுக்காரராகவே இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய மணி வெண்கல மணி. நம் வீட்டில் அவ்வளவு பெரிய மணி தொங்கவிட இடம் இல்லை. தேவையும் இல்லை. "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கிற ஒரு வாயும், பதில் வரும் வரை காத்திருக்கிற இரண்டு காதும் இருந்தால் போதும். இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.